காணியில்லாதவருக்கு வீடில்லை

வன்னியில் வீடில்லாதவர்கள் தெருவோரத்தில் படுப்பதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வீடில்லாமை என்பது தகரக் கொட்டில். மகளின் வீட்டு விறாந்தை. தமையனின் வளவு மூலையில் நாலு தடி நாட்டிக் கட்டிய ஒதுக்கிடம். வீட்டுத்திட்டத்தின் முதற்கட்டக் காசில் எழும்பிக் கூரை ஏறாமல் நின்றுபோன சுவர்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய தறப்பாள். வைகாசி வெயிலில் தகரம் கொதிக்கும். மாரியில் நிலத்திலிருந்து ஈரம் ஊறி ஏறும். ஆயினும் தலைக்கு மேல் ஏதோ ஒன்று இருப்பதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இவர்கள் வீடில்லாதவர்களாகத் தெரிவதில்லை.

சட்டமும் இவர்களைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. வீடின்றி அலைபவரைப் பற்றி இலங்கையில் எழுதப்பட்ட பழைய சட்டம், பிரித்தானியர் 1841 இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். அது வீடில்லாதவரைக் குற்றவாளியாகவே பார்த்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, போதிய உணவு, உடை, வீடு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்தை எல்லாப் பிரசைகளுக்கும் கிடைக்கச் செய்வது அரசின் நோக்கம் என்கிறது. ஆனால் 29ஆம் உறுப்புரை, அந்த நோக்கங்களை எந்த நீதிமன்றத்திலும் உரிமையாகக் கேட்டு வழக்காட முடியாது என்று சொல்லிவிடுகிறது. போதிய வீட்டுக்கான உரிமையை ஏற்கும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 இல் இணைந்தது. இவ்வளவு இருந்தும், வீட்டைக் கேட்டு நீதிமன்றம் போக வன்னிக் குடும்பத்துக்கு வழியில்லை. அதற்குத் திறந்திருக்கும் ஒரே வழி வீட்டுத்திட்டத்தின் விண்ணப்பப் படிவம். அந்தப் படிவத்தின் முதற்பக்கத்திலேயே காணியின் விபரம் கேட்கப்படுகிறது. காணியைக் காட்ட முடியாதவரின் விண்ணப்பம் அதோடு நின்றுவிடுகிறது.

எரிந்த வீடும் எரிந்த உறுதியும்

2008இலும் 2009இன் முதல் மாதங்களிலும் வன்னி மக்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடினார்கள். மடுப் பக்கத்திலிருந்து கிளிநொச்சிக்கும், கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடுவுக்கும், அங்கிருந்து புதுக்குடியிருப்புக்கும், கடைசியில் முள்ளிவாய்க்கால் கடற்கரைக்கும். தொடக்கத்தில் கூரைத் தகரத்தையும் யன்னலையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், முடிவில் கையில் ஒரு சொப்பிங் பையோடு நின்றார்கள். அந்தப் பைக்குள் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் காணித் துண்டும் இருந்தால் பாக்கியம். பலருடைய பை பங்கருக்குள்ளேயே புதைந்துபோனது.

2009 மே மாதம் போர் முடிந்தபோது மூன்று இலட்சம் பேரளவில் வவுனியா செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களிலும் பிற தடுப்பிடங்களிலும் இருந்தார்கள். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி என்று பெரியவர்களின் பெயர் சூட்டப்பட்ட அந்தக் கூடார நகரங்களிலிருந்து ஊர் திரும்பிய குடும்பமொன்றுக்கு மீள்குடியேற்றக் கொடுப்பனவாகக் கிடைத்தது 25,000 ரூபா. அதோடு கொஞ்சம் கூரைத் தகடு, தறப்பாள், உலருணவு. அந்தத் தகடுகளால் அமைந்த கொட்டில்களில் சில பதினைந்து வருடம் தாண்டியும் வீடாக இருந்துவருகின்றன.

வீடு இடிந்ததை எவரும் கண்ணால் காணலாம். காணிப் பதிவு அழிந்தது அப்படித் தெரியவில்லை. தனியாருடைய கையிலிருந்த உறுதிகளோடு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அரச அலுவலகங்களில் இருந்த காணிப் பதிவேடுகளும் போரில் பெருமளவு அழிந்தன. ஒருவர் தன் துண்டைத் தொலைத்துவிட்டால் அலுவலகப் பிரதியைப் பார்த்து உறுதிப்படுத்தலாம் என்பதுதான் ஒழுங்கு. இரண்டு பக்கமும் காகிதம் இல்லாதபோது, நாற்பது வருடம் உழுத வயலைத் தன்னுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் உழுதவனின் தலையில் விழுந்தது. விடுதலைப் புலிகளின் நிர்வாகக் காலத்தில் பகிர்ந்தளிக்கப்பட்ட காணிகளில் குடியிருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. கையில் இருந்த காகிதத்தை அரசு காகிதமாகவே ஏற்கவில்லை.

பேர்மிட்டின் வரலாறு

வன்னியின் பெரும்பகுதி அரச காணி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் உறுதிக் காணிதான் அதிகம். வன்னியில் நிலத்தை உரித்தாக்குவது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம். சனங்களின் வாயில் அது பேர்மிட். 1920களில் நிறைவுற்ற இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, குடாநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றிய திட்டங்களால்தான் கிளிநொச்சி வளர்ந்தது. பேர்மிட் பெற்றவர் காணியைத் துப்புரவாக்கி, பயிரிட்டு, குடியிருந்து காட்டவேண்டும். விற்க முடியாது, துண்டாடவும் முடியாது. பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறித்து வைக்கலாம். அப்படிக் குறித்து வைக்காமல் உரிமையாளர் இறந்தால், சட்டத்தின் அட்டவணைப்படி மகளுக்கு முன்பு மகன் வந்தான். இந்த ஆண்முதன்மையை நீக்கும் திருத்தம் 2022 இல்தான் நிறைவேறியது. சட்டம் வந்து 87 வருடங்களுக்குப் பிறகு.

பேர்மிட் வரிசையில் எப்போதும் கடைசியில் நிற்பவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1958, 1977, 1983 வன்செயல்களில் அடித்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தன. 1970களின் பிற்பகுதியில் மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பு, வவுனியாவைச் சூழ்ந்த பண்ணைகளில் அவர்களைக் குடியேற்றிக் கிணறும் பள்ளியும் மருந்தும் கொடுத்தது. வன்னியில் வீடற்றவருக்காக ஒழுங்காக நடந்த முதற் பெரும் முயற்சி என்று அதைத்தான் சொல்லவேண்டும். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அதே வருடம் ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பினார்.

அன்று வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, தென்னை வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் காணிகளில் ஒரு பகுதி வேறொருவரின் பெயரில் இருக்கும், அல்லது வனவளத் திணைக்களத்தின் வரைபடத்துக்குள் இருக்கும், அல்லது அத்துமீறிய குடியிருப்பு என்று பதியப்பட்டிருக்கும். வேறொருவரின் வயலில் கூலிக்கு நின்றவர்களுக்கு உறுதி எழுதிக்கொடுக்க எவரும் நினைக்கவில்லை. வீட்டுத்திட்டங்கள் வந்தபோது, வீடு மிகத் தேவைப்பட்ட இவர்களே காணித் துண்டு இல்லாமல் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். வன்னித் தமிழ்ச் சமூகம் தனக்குள்ளே வைத்திருந்த சாதி, பிரதேச ஏற்றத்தாழ்வு இந்தப் பட்டியல்களில் படிந்திருப்பதை மறைக்க முடியாது. எல்லாப் பழியையும் கொழும்பின் மேல் போட்டுவிட்டால் இந்த உண்மை பேசப்படாமலே போகும்.

ஐந்தரை இலட்சத்தின் கணக்கு

போருக்குப் பிறகு வந்தவற்றில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். 2010 ஜூனில் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் முதல் ஆயிரம் ஒப்பந்தகாரர் மூலம் கட்டப்பட்டன. எஞ்சியவற்றில் 45,000 வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிகள் தாமே கட்டும் முறையில் 2012 ஒக்டோபர் 2 அன்று தொடங்கின. ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்டமும் செஞ்சிலுவை அமைப்புகளும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் மேற்பார்வை செய்தன. புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்த வேலைக்கு 250,000 ரூபா. வீட்டின் அளவு 550 சதுர அடி. அதற்கு முன்பு உலக வங்கியின் உதவியோடு நடந்த வடகிழக்கு வீடமைப்புத் திட்டம் வீடொன்றுக்கு 325,000 ரூபா கொடுத்திருந்தது.

வன்னி வீதிகளில் இன்று காணப்படும் ஓட்டுக்கூரை வீடுகளில் பெரும்பகுதி இந்தத் திட்டத்தினுடையது. சொந்தக் காணியில், சொந்த மேற்பார்வையில், அறையை எந்தப் பக்கம் வைப்பது என்று வீட்டுக்காரரே தீர்மானித்துக் கட்டிய வீடுகள் என்பதால் சனங்கள் அவற்றை வீடாக ஏற்றார்கள். இது சிறிய விடயமல்ல.

ஆனால் பயனாளியைத் தெரிவுசெய்த முறை புள்ளிமுறை. அங்கத்தவர் தொகை, சிறுபிள்ளைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமை என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டினால் பெரிய குடும்பம் மேலே வரும். போரில் கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துத் தனியே எஞ்சிய மூதாட்டிக்குத் தலைக்கணக்கு ஒன்றுதான். தாயும் ஒரு மகளும் என்றால் இரண்டு. போர் குடும்பத்தை எவ்வளவு குறைத்ததோ அவ்வளவு புள்ளி குறைந்தது. புதிதாக மணம் முடித்த இளம் சோடிகளும் இப்படியே பின்தள்ளப்பட்டார்கள். பத்து வருடத்தில் அவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தபோது திட்டம் முடிந்துவிட்டிருந்தது.

ஐந்தரை இலட்சமும் ஒரேயடியாகக் கைக்கு வராது. அத்திவாரம் முடிந்தால் ஒரு கட்டம், சுவர் எழும்பினால் அடுத்தது, கூரை போட்டால் அதற்கடுத்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து எழுதினால்தான் வங்கியில் காசு விழும். கட்டத்தை முடிக்கக் காசு வேண்டும், காசு வரக் கட்டம் முடியவேண்டும். இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பியது அடகுக்கடைக்குப் போன தாலிக்கொடியும், பிறகு வீடுவீடாக வந்த நுண்கடன் கம்பனிகளும். வன்னிக் காட்டாறுகளில் மணல் கிடக்கிறது. அதை ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் உழவு இயந்திரத்தோடு பொலிசில் நிற்கவேண்டும். வளைக்கும் சிலாகைக்கும் வேண்டிய மரத்துக்கு வேறு அனுமதி. மேசனும் தச்சரும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் வீடு கட்டியதால் கூலியும் கல்லின் விலையும் ஏறின. கடைசியில் வீடு எழும்பியது, கடனும் எழும்பியது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்யவேண்டி வந்ததன் பின்னணியில் இந்த வீட்டுக் கடன்களும் இருந்தன.

இதற்கிடையில் 2016 இல் 65,000 உருக்கு வீடுகள் என்ற யோசனை வந்தது. ஆசெலர் மிட்டல் கம்பனி பொருத்தித் தரும் வீடு ஒன்றின் விலை 21 இலட்சம் ரூபாவுக்கு மேல். அந்தக் காசில் கல்வீடு இரண்டு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் கணக்குக் காட்டினார்கள். வெப்பம், அத்திவாரத்தின் பலம், பின்னாளில் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாமை என்று குறைகள் நீண்டன. எல்லாவற்றையும் விட, உள்ளூர் மேசனுக்கும் கல் அரிபவனுக்கும் ஒரு சதமும் போய்ச் சேராது என்பது பெரிய குறை. எதிர்ப்பு வலுத்துத் திட்டம் கைவிடப்பட்டது. வீடற்றோர் சார்பில் எழுந்த குரல் வென்ற சில இடங்களில் இது ஒன்று. அந்த வாதப் பிரதிவாதத்தில் கழிந்த இரண்டு மழைக்காலங்களையும் தகரத்தின் கீழ் கழித்தவர்கள் காத்திருந்தவர்கள்தான்.

அரைகுறை வீடுகள்

2018, 2019 இல் வீடமைப்பு அமைச்சின் மாதிரிக் கிராமங்கள் வந்தன. அப்போது சஜித் பிரேமதாச அமைச்சர். அடிக்கல் விழாக்கள் கோலாகலமாக நடந்தன. கட்டம் கட்டமாகப் பணம் தரப்படும் என்ற வாக்கை நம்பி, இருந்த கொட்டிலைப் பிரித்து அந்த இடத்திலேயே அத்திவாரம் வெட்டியவர்கள் பலர். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. கொடுப்பனவுகள் நின்றன. அடுத்த அரசு 14,022 கிராம அலுவலர் பிரிவுகளுக்கும் பிரிவுக்கு ஒரு வீடு என்று புதிய திட்டமொன்றைத் தொடங்கியது; பழைய திட்டத்தின் சுவர்கள் அப்படியே நின்றன.

வன்னியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இந்த நிறுத்தம் நடுவழியில் விட்டது. கடையில் கடனுக்கு எடுத்த சீமெந்துக்கும் கம்பிக்கும் காசு கேட்டு ஆள் வருவார்கள். பிரதேச செயலகத்தில் கேட்டால் வீடமைப்பு அதிகார சபையைக் கேட்கச் சொல்வார்கள். அங்கே போனால் நிதி வரவில்லை என்பார்கள். உத்தியோகத்தர் சொன்னது பொய்யல்ல. நிதி உண்மையாகவே வரவில்லை. ஆனால் அரசு என்பது ஒரு கட்சியின் ஐந்து வருடக் கடை அல்ல. ஓர் அரசு கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கை அடுத்த அரசு சுமப்பதுதான் அரசமைப்பின் பொருள். 2021 இல் ஆயிரம் ரூபாவை ஒட்டி விற்ற ஒரு மூடை சீமெந்து, 2022 பொருளாதார வீழ்ச்சியில் மூவாயிரத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு மீதிப் பணம் முழுவதும் கிடைத்தவருக்குக்கூட அது கூரைக்குக் காணவில்லை.

வீடே தடையாகும் இடம்

வீட்டுக்கு வெளியே, அன்றாட உதவிக்கான விண்ணப்பம் இன்னொரு கதை. 1995 முதல் வறியோருக்கான முதன்மை உதவி சமுர்த்தி. பெரிய குடும்பத்துக்கே மாதம் 3,500 ரூபா. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அதன் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் அமைந்த சபை, 2022 இல் விண்ணப்பம் கோரி 2023 ஜூலையிலிருந்து கொடுப்பனவைத் தொடங்கியது. விண்ணப்பித்த குடும்பங்கள் 37 இலட்சத்துக்கு மேல். இலக்கு 20 இலட்சம். தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபா, வறியவருக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவருக்கு 5,000, இடைநிலையினருக்கு 2,500. 2025 ஜனவரியில் முதலிரண்டு தொகைகளும் 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்ந்தன.

தொகை சமுர்த்தியைவிட நல்லது. சிக்கல் தெரிவில் இருக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள். மின்சாரப் பாவனை ஒன்று, வாகனம் ஒன்று, காணி ஒன்று. கிராம அலுவலர்கள் இந்தப் பணியிலிருந்து விலகி நின்றதால் வேறு உத்தியோகத்தர்கள் கைக்கணினியுடன் வீடுவீடாகப் போய்த் தரவு எடுத்தார்கள். தரவைக் கணினி கூட்டியது. யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று ஊரின் விதானையாரான கிராம அலுவலருக்குத் தெரிந்திருந்தாலும், அவருடைய அறிவுக்கு அந்தக் கூட்டலில் இடமிருக்கவில்லை.

இந்த அளவுகோல் வன்னிக்குப் பொருந்தவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு பெற்ற பெண்ணின் வீட்டுக்குச் சீமெந்து நிலம் உண்டு, ஓட்டுக்கூரை உண்டு, மின்சாரம் உண்டு. அவள் வறியவள் என்பதால்தான் ஒரு திட்டம் அந்த வீட்டைக் கொடுத்தது. அதே வீடு இன்னொரு திட்டத்தின் கணக்கில் அவளை வறுமையிலிருந்து மேலே தூக்கிக் காட்டுகிறது. பேருந்து எட்டாத இடங்களில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் ஆசுப்பத்திரிக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் வழி. படிவத்தில் அது சொத்து. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் மழை பொய்த்தால் ஒரு நெல்மணியும் தராது. படிவத்தில் அதுவும் சொத்து.

பட்டியல் வெளியானபோது நாடெங்கும் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் சனம் திரண்டது, வன்னியிலும் அப்படித்தான். மேன்முறையீட்டுக்கு 2023 ஜூலை 10 வரை அவகாசம். மேன்முறையீடுகள் பத்து இலட்சத்தை நெருங்கின. மேன்முறையீடு இணையத்தில் பதியப்படவேண்டும். கைத்தொலைபேசியில் படிவம் நிரப்பத் தெரியாதவர் சந்தியிலுள்ள தொடர்பாடல் நிலையத்துக்குக் காசு கொடுத்துச் செய்விக்கவேண்டும். வங்கிக் கணக்குத் திறக்கப் பிரதேச செயலகத்தின் கடிதம், அதற்கு அடையாள அட்டை, அட்டையில் பிழை இருந்தால் அதைத் திருத்தப் பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று இன்னொன்றை இழுக்கும். கூலிவேலை செய்பவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம். இதைவிட மனத்தைப் புண்படுத்துவது ஆட்சேபனை முறை. பட்டியலில் உள்ள ஒருவர் தகுதியில்லாதவர் என்று இன்னொருவர் முறையிடலாம். போர் ஏற்கெனவே ஒருவரையொருவர் சந்தேகிக்கப் பழக்கிய ஊர்களில், அயலவரை அயலவர் எழுதிக் கொடுக்கும் கதவொன்று திறந்துவிடப்பட்டது.

காணாமற்போனவரின் பெயரில் உள்ள காணி

ஒரு பெண்ணின் நிலை இது: பேர்மிட் கணவனின் பெயரில் இருக்கிறது. கணவன் 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனவன், திரும்பவில்லை. வீட்டுத்திட்டப் படிவத்தில் காணி உரிமையாளரின் கையொப்பம் கேட்கப்படுகிறது. பேர்மிட்டை மனைவியின் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டும். ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிவுசெய்ய 2010ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. வன்னியில் இந்த நிலையில் இருக்கும் பெண்கள் ஒருவர் இருவரல்ல. இராணுவத்தின் கையில் ஒப்படைத்த ஆளை இறந்துவிட்டான் என்று தன் வாயாலே சொல்லிக் கையெழுத்து வைப்பதா, வீட்டை விடுவதா என்பதுதான் அந்தப் பெண்களின் முன் வைக்கப்பட்ட தெரிவு. எந்த நிர்வாகமும் எவர் முன்னாலும் வைக்கக்கூடாத தெரிவு அது.

2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற மாற்று வழி வந்தது. இறந்தார் என்று சொல்லாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் அது சொல்லும். அதைக் கொண்டு குடும்பம் உதவி பெறவும் சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கவும் முடியும். சரியான திசையில் வைத்த அடி. 2019 இல் இந்தச் சான்றிதழ் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபா இடைக்கால உதவி அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஒரே தடவையில் ஓர் இலட்சம் என்று அமைச்சரவை தீர்மானித்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் கந்தசுவாமி கோயிலடியிலும், அதே மாதம் வவுனியாவிலும் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் இந்தக் காசை மறுத்தார்கள். தமக்கு வேண்டியது பிள்ளை எங்கே என்ற பதில் என்றார்கள். வறுமையில் இருந்துகொண்டு மறுத்தார்கள். உதவிக்கு விண்ணப்பிப்பது நீதியைக் கைவிடுவதாக எழுதப்பட்டுவிடுமோ என்ற அச்சம் அந்த மறுப்பில் இருந்தது. சில குடும்பங்கள் வாங்கின. அவர்களையும் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை.

முகாம் வாசலில்

காணிக்கு உறுதியும் உண்டு, ஆளும் உண்டு, ஆனால் காணிக்குள் போக முடியாது என்பது இன்னொரு நிலை. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக ஏற்றப்பட்டவர்களில் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் இருந்தார்கள். அவர்களின் ஊரில் இராணுவத் தலைமையகம் இருந்ததால், சீனியாமோட்டையில் காடு வெட்டிய வெளியில் இறக்கிவிடப்பட்டார்கள். பிறகு அது மாதிரிக் கிராமமானது. அங்கே கட்டிக் கொடுக்கும் வீட்டை ஏற்றால் சொந்த ஊரைக் கைவிட்டதாகுமா என்ற கேள்வி அவர்களை விடவில்லை. நந்திக்கடலில் மீன்பிடித்து, கரையில் தென்னையும் வயலும் வைத்திருந்த சனத்துக்கு, கடல் இல்லாத இடத்தில் தரும் வீடு பாதி வீடுதான்.

2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்புலவின் ஒரு பகுதியான பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலுக்கு எதிரே வீதியோரத்தில் அமர்ந்தார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள். பிள்ளைகள் அங்கிருந்தே பள்ளிக்குப் போனார்கள். அங்கேயே உலை வைத்தார்கள். பனிக்கும் வெயிலுக்கும் ஒரு மாதம் எழும்பவில்லை. மார்ச் 1 அன்று ஏறத்தாழ 42 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அதைப் பார்த்து மற்றக் கேப்பாப்புலவு மக்கள் இராணுவத் தலைமையக வாசலில் தங்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த வருடக் கடைசியில் 133 ஏக்கர் கிடைத்தது. முழுவதும் கிடைக்கவில்லை.

கிளிநொச்சி நகரின் பரவிப்பாஞ்சானிலும் புதுக்குடியிருப்பிலும் இதே காலத்தில் இதே வகைப் போராட்டங்கள் நடந்தன. பூநகரிப் பிரிவின் இரணைதீவு மக்கள் எல்லோரையும்விட நேரடியாக நடந்துகொண்டார்கள். 1992 இல் இடம்பெயர்ந்து முழங்காவில் பக்கத்து இரணைமாதாநகரில் இருந்தவர்கள், 2017 மே 1 முதல் போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தாங்களாகவே தீவில் போய் இறங்கினார்கள். அடுத்த மாதம் அரசு மீள்குடியேற்றத்துக்கு ஒப்புதல் தந்தது. இருபத்தாறு வருடம் மனுக் கொடுத்துக் கிடைக்காதது ஒரு காலைப் பயணத்தில் கிடைத்தது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1984 இல் விரட்டப்பட்டுப் போருக்குப் பிறகு திரும்பியவர்கள், தங்கள் பேர்மிட் வயல்கள் மகாவலி அதிகார சபையின் கீழ் வேறு குடியேற்றவாசிகளுக்கு வழங்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இங்கே ஒரே காணிக்கு இரண்டு அரசத் துண்டுகள். இடம்பெயர்ந்தவர் தம் சொந்த வீட்டையும் நிலத்தையும் மீளப் பெறும் உரிமையை வலியுறுத்தும் 2005ஆம் ஆண்டின் பினேய்ரோ கோட்பாடுகள் இத்தகைய இடங்களுக்காகவே எழுதப்பட்டவை. அவை அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை.

துண்டுக்குத் துண்டு

வாசலில் உட்கார்வது எல்லோராலும் முடியாது. தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் வீடற்ற குடும்பங்களுக்கு உதவியவை சத்தமில்லாத வழிகள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் விடுபட்டவர்களின் பட்டியலைத் தாமே எழுதிக் கொடுத்தன. வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் முறைப்பாடுகளை ஏற்றது. நடமாடும் சேவைகள் நடக்கும் நாளில் ஒரே மண்டபத்தில் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் முடித்துவிடலாம் என்பதால் அவற்றுக்கு எப்போதும் கூட்டம் உண்டு.

இவற்றில் கூர்மையான கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் கீழ், எழுத்தில் கேட்ட கேள்விக்கு 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தீர்மானம் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. புள்ளிப் பட்டியலில் தனக்கு எத்தனை புள்ளி, எதற்குக் குறைந்தது, தன் கோப்பு எந்த மேசையில் என்று கேட்கும் உரிமை விண்ணப்பதாரருக்கு வந்தது. இன்னும் பார்ப்போம், பிறகு வாங்கோ என்ற வாய்ப்பதில்களால் அலைக்கழிந்தவருக்கு எழுத்தில் வரும் ஒரு மறுப்பே முன்னேற்றம். மறுப்பு எழுத்தில் இருந்தால்தான் அதற்கு மேல் முறையிடலாம்.

வீடில்லாமையைத் தீர்க்கப் பின்லாந்து 2008 இல் வேறொரு வழியில் இறங்கியது. வீடில்லாதவருக்கு முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு, வேலை, மருத்துவம், கடன், பத்திரம் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்ப்பது. வன்னியில் ஒழுங்கு தலைகீழ். பத்திரம் முதலில், காணி அடுத்தது, வீடு கடைசியில். தமிழ்நாட்டில் பட்டா இல்லாதவர் தொகுப்பு வீடு கேட்டு அலைவதும் இதே ஒழுங்கினால்தான். வன்னியில் அரச காணி பரந்து கிடக்கிறது. காணிக் கச்சேரி நடத்திக் காணியற்றவரைத் தெரிந்து வழங்கும் முறையும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. காணி வழங்குவதையும் வீடு வழங்குவதையும் ஒரே விண்ணப்பமாக்கினால் போதும். பாரதிபுரத்துக்கும் மலையாளபுரத்துக்கும் வேண்டிய தீர்வின் பாதி அதற்குள் அடங்கும்.

2025 மார்ச் 28 அன்று வந்த வர்த்தமானி அறிவித்தல் நேரெதிர்த் திசையில் போனது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரித்துக் கோருவோர் மூன்று மாதத்துக்குள் ஆதாரத்தோடு முன்வரவேண்டும், தவறினால் காணி அரசுக்குரியதாகும் என்பது அதன் சாரம். முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல், கிளிநொச்சியில் 500க்கு மேல். உறுதியைப் போரில் தொலைத்தவருக்கும், உறுதி வைத்திருந்த தகப்பன் காணாமற்போனவருக்கும், கனடாவிலும் தமிழ்நாட்டு முகாமிலும் இருக்கும் உரித்தாளருக்கும் கொடுக்கப்பட்ட அவகாசம் தொண்ணூறு நாள். எதிர்ப்பு எழுந்தது. உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கலானது. ஜூன் மாத இறுதியில் அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதமும் பிரதேச செயலகங்களின் காணிக் கிளைகளுக்கு முன்னால் சனம் பழைய வரிப் பற்றுச்சீட்டுகளையும், தோம்பு எனப்படும் பழைய காணிப் பதிவேட்டின் பிரதிகளையும், 1980களின் வாக்காளர் இடாப்புப் பக்கங்களையும் பைகளில் கொண்டு நின்றது. மீளப்பெற்ற பிறகு அந்தப் பைகள் கொட்டில்களுக்குத் திரும்பி, வளையில் கட்டித் தொங்குகின்றன, மழைத் தண்ணீர் படாத உயரத்தில்.